காசி அண்ணன் வைத்த சந்தனம்

காசி அண்ணன் செங்கம் ரோட்டில் ஆட்டோ ஓட்டுகிறவர். ஆசிரமத்துக்கு வருகிறவர்களை ஏற்றி இறக்குவதுதான் பிழைப்பு. காலையில் வண்டியை எடுக்கும்போது அண்ணாமலையார் மலையைப் பார்த்து ஒரு கும்பிடு, திரும்பி வந்து நிறுத்தும்போது ஒரு கும்பிடு. நடுவில் யாராவது வழி தெரியாமல் நின்றால் இறங்கிப்போய் வழி சொல்லிவிட்டு வருவார். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசத் தெரியாதவர்.

அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். என் மகள் இனியா பாதி நேரம் அங்கேதான் வளர்ந்தாள். அந்த வீட்டில் நடந்ததில் கொஞ்சம் நான் கண்ணால் பார்த்தது. கொஞ்சம் இனியா வந்து சொன்னது. மீதியை அண்ணனே பிறகு ஒருநாள் எங்கள் வாசலில் உட்கார்ந்து சொன்னார்.

அவருக்கும் ரேணுகாம்பாள் அண்ணிக்கும் ஒரே பிள்ளை, மாறன். ஓடி விளையாடுகிற வயதில் அடிக்கடி தடுக்கி விழுந்தான். காலில் பலம் கம்மி என்று எண்ணெய் தேய்த்தார்கள், குலதெய்வத்துக்கு முடி காணிக்கை வேண்டிக்கொண்டார்கள். வேலூருக்குக் கூட்டிப் போனபோதுதான் தெரிந்தது, அது தசை கரைகிற வியாதி. மருந்து கிடையாது. முதலில் கால், அப்புறம் கை, கடைசியில் மூச்சு என்று டாக்டர் மெதுவாகச் சொன்னாராம். அண்ணன் அதைக் கேட்டுவிட்டு, வெளியே வந்து பிள்ளைக்கு இளநீர் வாங்கிக் கொடுத்துக் கூட்டி வந்தார்.

மாறன் சக்கர நாற்காலிக்கு வந்தபின் பள்ளிக்கூடம் நின்றது. வீட்டுக்கு ஆட்கள் வருவது மட்டும் நிற்கவில்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வருவார்கள். ஆப்பிள் பையோடு வருவார்கள். கட்டில் ஓரமாக நின்று "எப்படிடா கண்ணு இருக்கே?" என்று கேட்டுவிட்டு, அண்ணியைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார்கள். அவர்கள் போனதும் மாறன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான். அந்தப் பாட்டில் எதையும் அவன் தொட்டதில்லை.

ஆசிரமம் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரை மூடினார்கள். எல்லார் கையிலும் போன் வந்துவிட்ட பிறகு அங்கே யார் போவார்கள்? அண்ணன் அங்கிருந்து ஒரு கம்ப்யூட்டரை ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தார். அதில் மாறன் ஃபுட்பால் ஆட ஆரம்பித்தான். ஓட முடியாத பிள்ளை திரையில் ஓடினான். தனியாக ஆடி அலுத்ததும், கூடப் படித்த கோபியும் சரவணகுமாரும் வந்தார்கள். இனியாவும் போய் உட்கார்ந்தாள். நாலு பேர் ஒன்றாக ஆட, கையில் பிடித்து பட்டன் அழுத்துகிற கன்ட்ரோலர் நாலு வேண்டும். அண்ணன் அதை ரிமோட்டு என்றுதான் சொல்வார். பழையதாக ஒவ்வொன்றாகத் தேடி வாங்கிச் சேர்த்தார்.

வாங்குவது பெரிதில்லை, மாட்டுவதில்தான் கஷ்டம். கம்ப்யூட்டரில் ஒயர் சொருகுகிற ஓட்டைகள் போதவில்லை. ஒரு ஓட்டையை நாலாக்குகிற ஹப் வாங்கினார். அதில் மாட்டினால், கோல் விழுந்ததும் நாலு கன்ட்ரோலரும் ஒன்றாக அதிரும், உடனே ஏதாவது ஒன்று செத்துவிடும். பிடுங்கித் திரும்பச் சொருகினால் ஆள் மாறிவிடும். கோபி ஆடிக்கொண்டிருந்த ஆளை இனியா ஓட்டுவாள், கூச்சல் எங்கள் சமையல்கட்டு வரை கேட்கும். யோசித்து யோசித்து அண்ணனே கண்டுபிடித்தார். "ஒரு சின்னக் குழாயில நாலு வீடு தண்ணி புடிச்சா யாருக்குப் பத்தும்?" என்று சொல்லிவிட்டுப் போய், தனியாகக் கரண்ட் எடுத்துக்கொள்கிற ஹப்பாக மாற்றி வாங்கி வந்தார். அப்புறம் எதுவும் சாகவில்லை.

எது முதலில் சொருகப்படுகிறதோ அதுதான் முதல் ஆள். அதற்கும் ஒரு வழி செய்தார். கோயில் வாசலில் விற்கிற காப்புக் கயிறுகளை வாங்கி ஒயர்களில் கட்டினார். சிவப்பு மாறனுக்கு, மஞ்சள் கோபிக்கு, கறுப்பு சரவணகுமாருக்கு. இனியாவுக்கு அவளுடைய பச்சை ரிப்பனில் ஒரு துண்டு. ஞாயிற்றுக்கிழமை சவாரியை விட்டுவிட்டு வந்து, கை கால் கழுவி, சிவப்புக் கயிற்றை முதலில் சொருகுவார். சாமி விளக்கு ஏற்றுவது போல அதைச் செய்வார்.

அந்தப் பிள்ளைகள் மாறனை எப்படி இருக்கிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. திட்டுவார்கள். "ஏண்டா நாயே, ஃபவுல் பண்ற" என்பான் கோபி. மாறனும் விடமாட்டான். "பாக்க வர்றவங்க வேற, ஆட வர்றவங்க வேறம்மா" என்று அண்ணியிடம் ஒருமுறை சொன்னானாம். அதற்குமேல் அவனுக்கு ஒன்றும் தேவையாக இல்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆயுத பூஜை வந்தது. கார்த்திகை தீபம் முடிந்ததும் கோபிக்கு ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலை என்று முடிவாகியிருந்தது. தீபத்தன்று நாலு பேரும் கடைசியாக ஒருமுறை ஆடித் தீர்த்துவிட வேண்டும் என்று பேசிவைத்திருந்தார்கள். மாறன் அந்த நாளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தான்.

பூஜையன்று அண்ணன் ஆட்டோவைக் கழுவி வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைத்தார். பிறகு கிண்ணத்தோடு உள்ளே வந்தார். தையல் மிஷினுக்கு வைத்தார், அரிவாள்மணைக்கு வைத்தார், கம்ப்யூட்டருக்கு வைத்தார். கன்ட்ரோலர்களை வரிசையாக மணையில் அடுக்கினார்.

"யப்பா, பட்டன் மேல வைக்காத" என்றான் மாறன்.

"நடுவுலதாண்டா வைக்கிறேன். எங்க வைக்கணும்னு சாமிக்குத் தெரியும்."

"சாமி ஃபுட்பால் ஆடியிருக்காரா?"

"ஆடாம? ஒரு காலைத் தூக்கிக்கினே நிக்கிறாரே" என்றாள் அண்ணி. நான் சுண்டல் வாங்கப் போனவள், நானும் சிரித்தேன்.

சந்தனம் அன்று கொஞ்சம் தண்ணியாக இருந்தது. சிவப்புக் கயிறு கட்டியதில் அண்ணன் வைத்த பொட்டு வழிந்து பட்டன் ஓரமாக இறங்கியது. அவர் வேட்டி நுனியால் ஒற்றி எடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் பந்து மாறனிடம் வந்தது. எதிரே யாரும் இல்லை.

"அடிடா மாறா! கோல் தொறந்து கெடக்குது!" என்று கத்தினான் கோபி. அவனும் மாறனும் ஒரு கட்சி.

மாறனுடைய ஆள் பந்தோடு நின்றான். சரவணகுமார் வந்து பிடுங்கிக்கொண்டு போனான்.

"இன்னாடா, தூங்கிட்டியா? எங்க வூட்டு ஆடு கூட அடிச்சிருக்கும்."

மாறன் கன்ட்ரோலரையே பார்த்தான். "பட்டன் வேலை செய்யல. சந்தனம் உள்ள பூந்துடுச்சு."

எல்லாரும் வாசலில் நின்ற அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி பிடித்துக்கொண்டாள். "வண்டிக்கு வச்சா பத்தாதா? கண்டதுக்கெல்லாம் அப்பணுமா? அந்தப் புள்ளைக்கு இருக்கறது இது ஒண்ணுதான, அதையும் கெடுத்து வச்சிட்டியே!"

 அண்ணன் அன்றே பஞ்சும் ஸ்பிரிட்டும் வாங்கி வந்து, ஊக்கு முனையில் பஞ்சைச் சுற்றி, பட்டன் ஓரமெல்லாம் துடைத்தார். மறுவாரமும் அதே கதை. மஞ்சள் கயிறு கட்டியதை மாறனிடம் கொடுத்துப் பார்த்தார். அதிலும் மாறனுடைய ஆள் நின்றான். அதே மஞ்சளைக் கோபி வாங்கினால் ஓடியது. அப்படியானால் சந்தனம் ஹப்புக்குள் போயிருக்கும், சிவப்புக் கயிறு சொருகுகிற ஓட்டை கெட்டிருக்கும் என்று நினைத்தார். வேறு ஹப் வந்தது. ஒயர் மாறியது. என்ன மாற்றினாலும் கோளாறு மாறனிடமே வந்து நின்றது.

செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் வல்லரசுவிடம் கொண்டுபோனார். அவன் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணா, இது தங்கமா கீது. ஒண்ணும் ஆவல" என்றான். அண்ணன் நம்பவில்லை. சாமி காரியத்தில் கவனப் பிசகாக நடந்துகொண்டோம், அதுதான் பிள்ளையிடம் வந்து நிற்கிறது என்று மனதில் போட்டுக்கொண்டார். பௌர்ணமிக்குச் சவாரி ஓட்டுகிறவர், அந்தப் பௌர்ணமிக்கு வண்டியை நிறுத்திவிட்டு வெறுங்காலோடு மலையைச் சுற்றினார். ஒவ்வொரு லிங்கத்தின் முன்னாலும் நின்று, "தெரியாம பண்ணிட்டேன், அவன் கையில இருக்கறதை விட்டுடு" என்று கேட்டாராம். கையில் இருக்கிறது என்று அவர் சொன்னது கன்ட்ரோலரை.

திரும்ப வல்லரசுவிடம் போனபோது அவன் ஒரு வழி காட்டினான். கம்ப்யூட்டரிலேயே கன்ட்ரோலரைச் சோதித்துப் பார்க்கிற ஒரு பக்கம் இருக்கிறது. கன்ட்ரோலரில் எந்தப் பட்டனை அழுத்தினாலும் அதற்குரிய வட்டம் திரையில் சிவப்பாக எரியும். எது எரியவில்லையோ அதுதான் கெட்டது. "வூட்ல நீயே பாரு. நான் சொல்லி நம்ப மாட்டே."

அண்ணி ரேஷன் கடைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் அண்ணன் அந்தப் பக்கத்தைத் திறந்தார். சிவப்புக் கயிற்றைச் சொருகி ஒவ்வொரு பட்டனாக அழுத்தினார். எல்லா வட்டங்களும் எரிந்தன. திரும்ப அழுத்தினார். திரும்ப எரிந்தன. சந்தோஷத்தோடு மாறனிடம் வந்து, மடியில் தலையணை போட்டு அதன்மேல் வைத்தார்.

"சரியாயிடுச்சுடா. நீ அழுத்து பாக்கலாம்."

"அப்புறம் பாக்கலாம்பா. கண்ணு எரியுது."

"ஒரே ஒரு வாட்டி."

மாறன் இடது கட்டைவிரலால் ஆளை ஓட்டுகிற குச்சியைத் தள்ளினான். திரையில் புள்ளி நகர்ந்தது. வலது கட்டைவிரல் பட்டன்மேல் இருந்தது. வட்டம் எரியவில்லை. அண்ணன் திரையைப் பார்த்தார். பிறகு குனிந்து விரலைப் பார்த்தார். விரல் நடுங்கிக்கொண்டிருந்தது. நகம் வெளுத்திருந்தது. பட்டன் இறங்கவில்லை. ஒரு பட்டனை இறக்க எவ்வளவு பலம் வேண்டும்? எறும்பை நசுக்குகிற பலம் கூட வேண்டாம்.

வேலூர் டாக்டர் சொன்னது அவருக்கு அப்போது ஞாபகம் வந்தது. கால், அப்புறம் கை.

மாறன் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "சந்தனம்தாம்பா."

"ஆமாண்டா கண்ணு. சந்தனம்தான். நான்தான் தண்ணியா கொழச்சிட்டேன்."

அண்ணன் கன்ட்ரோலரைத் தலையணையோடு எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு மாறன், "கோபி போற வரைக்கும் அவங்களுக்குத் தெரிய வேணாம்பா. தெரிஞ்சா பாக்க வர ஆரம்பிச்சிடுவானுங்க" என்றான்.

அண்ணியிடமும் அண்ணன் சொல்லவில்லை. அவள் சந்தனத்தைச் சொல்லித் திட்டும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். அவர் அதை எனக்குச் சொன்னபோது, "திட்டு வாங்கறது லேசா இருந்துச்சும்மா" என்றார்.

அண்ணன் கேட்டுக்கொண்டபடி வல்லரசு ஒருநாள் இன்னொரு பழைய கன்ட்ரோலரோடு வீட்டுக்கே வந்து, அதுவும் மாறனுடையதும் சேர்ந்து ஒரே ஆளை ஆட்டுகிற மாதிரி கம்ப்யூட்டரில் அமைத்துக் கொடுத்தான். அந்த ஐந்தாவது கன்ட்ரோலருக்கு அண்ணன் கயிறு கட்டவில்லை. மாறன் இடது கையால் ஆளை ஓட்டுவான். உதைக்க வேண்டிய நேரத்தில் தொண்டையில் "ம்" என்பான். அண்ணன் பட்டனை அழுத்த வேண்டும். அண்ணி வெளியே போகிற மத்தியானங்களில் இரண்டு பேரும் பழகினார்கள். ஆட்டோ ஓட்டுகிற கைக்கு அந்த வேகம் வரவில்லை. "ம் சொன்னா உடனே, யப்பா! சிக்னல் போட்டுத் திரும்பற மாதிரி திரும்பற" என்பான் மாறன். அந்த நாட்களில் அவர்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. எதற்கென்று எனக்கு அப்போது தெரியாது.

தீபத்தன்று ஊருக்குள் வண்டி விடமாட்டார்கள். அண்ணன் வீட்டில் இருந்தார். பிள்ளைகள் மத்தியானமே வந்துவிட்டார்கள். அண்ணன் சிவப்பு, மஞ்சள், கறுப்பு, பச்சை என்று சொருகினார். பிறகு மாறன் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து மடியில் துண்டைப் போட்டுக்கொண்டார். கயிறு இல்லாத ஒயர் கட்டிலுக்குப் பின்னால் ஓடியது.

"இன்னா மாமா, இன்னிக்கி எங்களோடயே குந்திட்டீங்க?" என்றான் கோபி.

"வண்டி உடல. எங்க போறது?"

முதல் ஆட்டத்தில் மாறனும் கோபியும் தோற்றார்கள். இரண்டாவதில் சமமாக வந்தார்கள். கடைசி ஆட்டத்தில் கோபி நல்ல பந்து ஒன்றைத் தள்ளிக் கொடுத்தான். மாறன் "ம்" என்றான். அண்ணன் அழுத்தினார். பந்து கம்பத்துக்கு வெளியே போனது.

"டேய்! கடைசி நாளும் இப்படியாடா? நான் போறதுக்குள்ள ஒரு கோல் போட மாட்டியா?"

அண்ணி பொரி உருண்டைத் தட்டோடு வந்தாள். நானும் கூட நின்றேன். "அவனைச் சொல்லாத கோபி. அவன் இன்னா பண்ணுவான்? எல்லாம் இந்த மனுஷன் வச்ச சந்தனம். பக்தி முத்திப்போயி புள்ள வெளையாட்டுல மண்ணைப் போட்டுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி குந்தியிருக்குது பாரு."

பிள்ளைகள் முன்னால் அப்படிச் சொன்னது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. அண்ணன் தலை குனிந்தபடி துண்டைச் சரிசெய்தார்.

"அம்மா, வுடு" என்றான் மாறன்.

"இன்னாடா வுடறது? நல்லா இருந்த சாமானை…"

"சந்தனம் இல்லம்மா."

அவள் நிறுத்தினாள்.

"வெரல் அழுந்தல. ஆயுத பூஜைக்கு முன்னாடியே அழுந்தல. நான்தான் சந்தனம்னு சொன்னேன். இவ்ளோ நேரம் எனக்கு அப்பாதான் அடிச்சிக்கினு இருந்தாரு."

துண்டு நழுவியது. அண்ணன் கையில் கயிறு இல்லாத கன்ட்ரோலர் இருந்தது. திரையில் ஆட்கள் எல்லாரும் நின்றிருந்தார்கள். இனியா என் பக்கம் வந்து புடவையைப் பிடித்துக்கொண்டாள். சரவணகுமார் கறுப்புக் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தான்.

கோபிதான் பேசினான். "மாமா அடிச்சதா? அதான் ஒவ்வொரு பந்தும் பஸ் ஸ்டாண்டுக்குப் போச்சு."

மாறன் சிரித்தான். அவன் மட்டும்தான் சிரித்தான். கோபி அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அந்த நேரம் வெளியே அரோகரா என்று தெருவே எழுந்தது. வெடி வெடித்தது. மாடிக்கு ஓடினோம். வருஷா வருஷம் போல அண்ணன் மாறனைத் தூக்கி வந்தார். கோபி கால்களைப் பிடித்துக்கொண்டான். மலைமேல் தீபம் நின்றது. எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டோம். மாறனுடைய கைகளைச் சேர்த்துவைக்க அண்ணி போனாள். "வேணாம்மா" என்றான். அவள் அங்கேயே உட்கார்ந்து, அண்ணனுடைய காலில் தலையை வைத்து அழுதாள். பிள்ளையை ஏந்தி நின்றதால் அவரால் குனிந்து அவளைத் தொட முடியவில்லை.

கோபி வேலைக்குப் போனான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சவாரியை விட்டுவிட்டு வந்து ஒயர்களைச் சொருகி வைத்தார். சரவணகுமார் வந்தான். அவன் கையில் ஒரு பை இருந்தது. ஆப்பிள்.

"எப்படிடா இருக்கே?" என்று கேட்டான்.

அவன் மேல் தப்புச் சொல்ல முடியாது. நல்ல பிள்ளை. அவன் அம்மா கொடுத்து அனுப்பியிருப்பாள். மாறன் அந்தப் பையைப் பார்த்தான். பிறகு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சரவணகுமார் பையைக் கட்டில் ஓரமாக வைத்துவிட்டுப் போனான். இனியாவைப் போகச் சொல்லி நான் தள்ளினேன். "போயி இன்னா பண்றதும்மா?" என்று கேட்டாள். 

மாசியில் சளி பிடித்தது. இருமிச் சளியை வெளியே கொண்டுவர மாறனுக்குப் பலம் இல்லை. ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் வலது கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டே இருந்தார். அந்த அமாவாசைக்கு முன்னால் அண்ணாமலையார் அவனைக் கூப்பிட்டுக்கொண்டார். எதற்காகக் கொடுத்தார், எதற்காக எடுத்தார் என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. அண்ணனும் கேட்கவில்லை. கருமாதி முடிந்த மறுநாள் காலையில் வண்டியை எடுத்தார். மலையைப் பார்த்துக் கும்பிட்டார்.

சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷம் பண்டிகை கிடையாது. அடுத்த ஆயுத பூஜைக்கு ஸ்டாண்டில் எல்லா ஆட்டோவும் மாலையும் வாழைக்கன்றுமாக நின்றன. அண்ணன் வண்டி மட்டும் பொட்டுக்கூட இல்லாமல் ஓரமாக நின்றது. அவர் வீட்டில் இருந்தார்.

கோபி லீவுக்கு வந்திருந்தான். வெறுங்கையோடு வந்தான். அதைப் பார்த்ததும் அண்ணி உள்ளே போய் அவனுக்கு டீ போட்டாள். அவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, "ஒரு ஆட்டம் போடலாமா மாமா?" என்றான்.

அண்ணன் ஒயர்களை எடுத்தார். பழக்க தோஷம், சிவப்புக் கயிற்றை முதலில் சொருகினார். அப்புறம் மஞ்சளை. சொருகின பிறகுதான் தான் செய்தது தெரிந்து கையை எடுத்தார். கோபி மஞ்சளை எடுத்துக்கொண்டான். ஆட்டம் தொடங்கியது. கோபியின் ஆள் ஓடினான். முதல் ஆள் பந்தோடு நடுவில் நின்றான்.

 அண்ணன் சிவப்புக் கயிறு கட்டியதைக் கையில் எடுத்தார். பட்டன் ஓரத்தில் காய்ந்த சந்தனம் ஒரு கோடாக இன்னும் இருந்தது. பஞ்சுக்கும் ஸ்பிரிட்டுக்கும் வராதது. கட்டைவிரலை வைத்து அழுத்தினார். பந்து பறந்தது.

"நல்லாத்தான் இருக்குது, பாரு" என்றார்.

"நல்லா இருக்குது மாமா" என்றான் கோபி.